பட்டினி தாங்கும் கிருமி

வரதனுக்கு வந்திருப்பது காசநோய் இல்லை என்று தெரிந்த அன்று, அவன் மனைவி வேலம்மா சென்னை ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். இத்தனை நாளாக அவனுக்குத் தனித் தட்டும் தனித் தம்ளரும் வைத்தவள் அவள்தான்.

வரதன் கோட்டைக்குப்பத்தில், கடலோரத்து உப்பு ஏரியில் வலை போடுகிறவன். உடம்பில் சர்க்கரை உண்டு. நினைவு வந்தால் மாத்திரை போடுவான். கார்த்திகைப் புயலில் அவன் படகு கரையோரச் சேற்றில் பாதி புதைந்துபோனது. அவனும் வேலம்மாவின் தம்பி பூவரசனும் இடுப்பளவுச் சேற்றில் இறங்கித் தோண்டி எடுத்தார்கள். அப்போது ஓர் ஆணி வரதனின் காலைக் கீறிவிட்டது. உப்புத் தண்ணீர் பட்டால் தானே ஆறிவிடும் என்று விட்டுவிட்டான்.

காயம் ஆறியது. ஆனால் பொங்கல் கழிந்ததும் காய்ச்சல் வந்தது. பொழுது சாய்ந்தால் உடம்பு கொதிக்கும். விடியும்போது போர்வை நனைந்திருக்கும். லுங்கி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்தான். எக்ஸ்ரேயில் நெஞ்சில் நிழல் தெரிந்ததால் காசநோய் மருந்து கொடுத்தார்கள். அதற்கும் காய்ச்சல் அசையவில்லை. கூடத் தொழிலுக்கு வந்தவர்கள் வேறு படகு பார்த்துக்கொண்டார்கள். பூவரசன் மட்டும் தினமும் வந்து, வரதன் குடித்து மீதி வைத்த டீயை எடுத்துக் குடிப்பான். வேலம்மா கத்துவாள். “எனக்கு ஒண்ணும் ஆவாதுக்கா” என்பான்.

மாசியில் வரதனின் தொடை வீங்கி, கால் ஊன்ற முடியாமல் போனது. பூவரசன் வண்டி பிடித்து அவனைச் சென்னைக்குக் கொண்டுபோனான். அங்கே தொடையிலிருந்து சீழ் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

சில நாள் கழித்து, ஆய்வுக்கூட டாக்டர் மோகனப்பிரியா தானே வார்டுக்கு வந்து கட்டில் அருகே நின்றார்.

“அண்ணே, சேத்துல எறங்குற வேலையா உங்களுக்கு?”

“ஏரித் தொழில் மேடம். புயலப்போ சேத்துலயே கெடந்தோம்.”

“அதான். இது காசநோய் இல்ல. உங்க சீழை மைக்ராஸ்கோப்ல பாத்தப்போ கிருமி ஊக்கு மாதிரி தெரிஞ்சுது. தட்டுல வளக்கப் போட்டேன், மொத நாள் ஒண்ணும் பெரிசா வரல. சந்தேகமா இருந்துது, அதனால தூக்கிப் போடாம வெச்சிருந்தேன். இப்போ சுருக்கம் சுருக்கமா வளந்து நிக்குது. சேத்துல இருக்கற கிருமி.”

“வெயில்ல சேறெல்லாம் காஞ்சிடுதே மேடம்?”

“மேல காஞ்சா ஆழத்துல கெடக்கும். தீனியே இல்லாத சுத்தமான தண்ணியில போட்டாலும் வருஷக்கணக்கா சாவாது. இருக்கற தெம்பை மிச்சம் பிடிச்சு அடங்கிக் கெடக்கும். மழை வந்தா மறுபடி பெருகும். ஒடம்புக்குள்ளயும் அப்படித்தான், மருந்துக்குப் பயந்து பதுங்கும். அதனால இப்போ ஊசி, அப்புறம் மாசக்கணக்கா மாத்திரை. நடுவுல நிறுத்தவே கூடாது. சர்க்கரையும் கட்டுப்பாட்டுல இருக்கணும்.”

“இவருகிட்டேர்ந்து புள்ளைங்களுக்கு ஒட்டுமா மேடம்?” என்று வேலம்மா கேட்டாள்.

“ஒண்ணா இருந்து சாப்பிடறதால ஒட்டாதும்மா.”

அப்போதுதான் அவள் வராந்தாவுக்குப் போய் அழுதது.

ஊசி ஏறிய இரண்டாம் வாரம் காய்ச்சல் இறங்கியது. வீடு திரும்பிய அன்று வேலம்மா ஒரே தட்டில் சோறு போட்டு, மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து, அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மாத்திரைதான் பாடாய்ப் படுத்தியது. விழுங்கினால் குமட்டும், வாய் கசக்கும். சித்திரையில் உடம்பு தேறி, படகில் ஏறத் தொடங்கியதும் வரதனுக்கு அலுத்துவிட்டது.

“காச்சல்தான் போயிடுச்சே, இன்னாத்துக்கு இன்னும் மாத்திரை?”

பூவரசன் துடுப்பை நிறுத்தினான். “தீனியே இல்லாம வருசக்கணக்குல கெடக்கற கிருமி மாமா அது. உனுக்கு நாலு நாள் நல்லாருக்குனா அது செத்துட்டுச்சுனு அர்த்தமா?”

வரதன் அன்றிரவு மாத்திரையை விழுங்கிவிட்டு, வெகுநேரம் வாயைக் கொப்பளித்தான். கடைசி மாத்திரைவரை ஒருநாளும் விடவில்லை. பிறகு செய்த பரிசோதனையில் எதுவும் இல்லை என்று வந்தது.

அடுத்த ஐப்பசி மழையில், ஏரியில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் செவ்வந்திக்குக் காய்ச்சல் கண்டது. அவளுக்கும் சர்க்கரை. கேள்விப்பட்டதும் வரதன் அவள் வீட்டு வாசலில் போய் நின்றான். மழை விடட்டும் என்றாள் அவள் மகள் ஜமுனா.

“வேணாம்மா, இப்பவே கெளம்பு. எனக்காக நாலு பேரு ஓடினாங்க, அதான் நான் இன்னிக்கு நடமாடறேன்.”

சென்னை ஆஸ்பத்திரியில் அவன் தயங்காமல் சொன்னான்: “சேத்துல வேலை செய்றவங்க. சர்க்கரை இருக்கு. எனக்கு வந்துதே, அந்தக் கிருமிதானானு மோகனப்பிரியா மேடத்தைப் பாக்கச் சொல்லுங்க.”

ரத்தத்தில் அதே கிருமி வளர்ந்தது. மோகனப்பிரியா அவனுக்கே போன் செய்தார். “சீக்கிரம் கூட்டிட்டு வந்துட்டீங்கண்ணே. ஊசி ஆரம்பிச்சாச்சு, பொழச்சுக்குவாங்க. ரொம்ப நன்றி.”

“நீங்க எனக்கு நன்றி சொல்றதா மேடம்?” என்றான் வரதன். போனை வேலம்மாவிடம் நீட்டிவிட்டு, செய்தியைச் சொல்லப் பூவரசன் வீட்டுக்கு நடந்தான்.