வாசலில் நின்ற குரல்

பார்வையாளர்கள் கூட்டத்தில் பேசக் கூடாது என்ற விதி அமலுக்கு வந்த அன்று, கடல் சபையின் கூட்ட அறைக்குள் நுழைந்த பார்வையாளர்கள் எல்லாருடைய குரலும் வாசலிலேயே நின்றுவிட்டது. ஒருவர் தும்மினார், முகம் மட்டும்தான் தும்மியது. இன்னொருவர் பயந்துபோய் அழுதார், அந்த அழுகைச் சத்தம் அவர் வெளியே வந்த பிறகுதான் கேட்டது. ஆளாளுக்கு வெலவெலத்துப் போயிருக்க, சபைச் செயலாளர் மட்டும் அசரவில்லை. விதி வேலை செய்கிறது, இதற்குமேல் என்ன வேண்டும் என்று அடுத்த பொருளுக்குப் போய்விட்டார், அப்படியொரு நெஞ்சழுத்தம் மனிதருக்கு. அடுத்த கூட்டத்திலிருந்து, குரல்கள் மிதிபடாமல் இருக்க வாசலில் ஒரு நீள மேசை போட்டார்கள். போகும்போது வைத்துவிட்டுப் போக வேண்டும், திரும்பி அதே வாசல் வழியாக வந்தால் தானாகத் தொண்டைக்கு ஏறிக்கொள்ளும்.

அந்தப் பார்வையாளர்களில் ஒருத்தி துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவள். ஏலக்காரி என்றால்தான் ஊருக்குத் தெரியும். அவள் வாயைத் திறந்தால் படகு எஞ்சின் சத்தம் அடங்கிப்போகும். அந்தத் தொண்டையை வைத்துத்தான் புருஷன் போன பிறகு மகளை வளர்த்தாள். ஆலைகளின் சாம்பல் சேற்றை எந்தக் கடலில் கொட்டலாம் என்று முடிவு செய்யப் பல நாடுகள் கூடுகிற சபை அது, அவர்கள் கண் இவளுடைய விரிகுடாவின் மேல் விழுந்திருந்தது. கொட்டினால் மீன் இருக்காது, மீன் இல்லாவிட்டால் தெருவே இருக்காது. படகுக்காரர்கள் கூடிப் பேசி, சத்தம் பெரிசு என்பதற்காகவே இவளை அனுப்பினார்கள். அவளைத்தான் சபை ஊமையாக உட்காரவைத்தது. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்ல? கழுத்தில் மஞ்சள் அட்டையோடு கடைசி வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், வீட்டுக்கு வந்து மகளிடம் பொரிந்து தள்ளுவாள். "அந்தத் தலைவர் இருக்காரே, கொட்டாவி விட்டுக்கிட்டே வரைபடத்துல நம்ம கடலைப் பென்சிலால குத்துறாருடி!" மகளுக்கு அம்மா அந்த ஆளைப்போலவே கொட்டாவி விட்டுக் காட்டினால் சிரிப்பு அடங்காது.

முடிவெடுக்கும் நாளில் தலைவர் சுத்தியலைத் தட்டி, இனி மூடிய அமர்வு, மஞ்சள் அட்டைக்காரர்கள் எழுந்து போகலாம் என்றார். முன்வாசலில் படம்பிடிப்பவர்கள் முண்டியடித்துக்கொண்டிருந்ததால் செயலாளர் அவசரத்தில் அட்டைக்காரர்களைப் பக்கக் கதவு வழியாக மாடிப்படிக்குத் தள்ளித் தாழ்ப்பாள் போட்டார். குரல்களை மறந்தே போனார். அட்டை அணிந்தவர் வெளியேற வேண்டும் என்றுதான் விதி இருந்தது; குரலுக்கு ஏது கழுத்து, அட்டை மாட்ட? மற்றக் குரல்கள் மேசையிலேயே ஒடுங்கிக் கிடக்க, ஏலக்காரியின் குரல் மட்டும் விறுவிறுவென்று உள்ளே போய் நடு அறையில் நின்று ஏலத்தைத் தொடங்கியது. "விரிகுடா ஏலத்துக்கு வருது! எங்க தெருவுக்கு என்ன விலை வைக்கிறீங்க? வாயைத் திறந்து சொல்லுங்கய்யா!" பெரிய பெரிய நாடுகளின் பிரதிநிதிகள் பேயறைந்தவர்களைப்போல உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தரும் விலை சொல்லவில்லை. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது வாக்கெடுப்பு நடத்தக் கூடாது என்பது சபையின் மிகப் பழைய விதி. குரலோ மூச்சு விட வேண்டிய அவசியமே இல்லாமல் பேசிக்கொண்டே இருந்தது.

செயலாளர் வியர்த்து விறுவிறுத்து மாடிப்படிக்கு ஓடிவந்தார். "அம்மா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன், முன்வாசல் வழியா வந்து உங்க குரலைக் கூட்டிட்டுப் போயிடுங்க." ஏலக்காரி கணக்குப் போட்டாள். போய் நின்றால் குரல் கிடைக்கும், அடுத்த நிமிடமே கை தூக்கிக் கடலை முடித்துவிடுவார்கள். படிக்கட்டிலேயே உட்கார்ந்து, தன் குரல் இல்லாமல் அழுது தீர்த்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, முன்வாசல் பக்கம் திரும்பாமல் பேருந்து ஏறிவிட்டாள்.

வீட்டுக்கு வந்தவளிடமிருந்து ஒரு சத்தமும் வராததைப் பார்த்து மகள் பதறினாள். "ஏதாவது பேசும்மா, திட்டவாவது திட்டும்மா" என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். அம்மா சாடையில் நடந்ததைச் சொன்னதும் மகளின் அதிர்ச்சி ஆத்திரமாக மாறியது. உனக்குத் தெரு பெரிசாப் போச்சு, நான் வேண்டாதவளாயிட்டேன், அந்தச் சபைப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன் என்றாள், சொன்னபடியே இருந்தாள். ஏலம் வேறு ஆளுக்குப் போனது. ஏலக்காரி மீன் கழுவப் போனாள். வருஷங்கள் ஓடின. தலைவர்கள் மாறினார்கள், சபை அந்தக் குரலுக்கு ஒரு நாற்காலி போட்டது, மொழிபெயர்ப்பாளர்கள் அதற்குப் பழகிப்போனார்கள். விரிகுடாவில் ஒரு பிடி சேறுகூட விழவில்லை. அம்மாவும் மகளும் ஒரே வீட்டில் சாடையிலேயே காலம் தள்ளினார்கள்.

ஒரு மழைக்காலத்தில் ஏலக்காரி செத்துப்போனாள். அவளோடு குரலும் அடங்கிவிடும் என்று தெருவே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தது. அடங்கவில்லை. அடுத்த கூட்டத்துக்குப் படகுக்காரர்கள் மகளைக் கெஞ்சி அனுப்பினார்கள். அவள் தன் குரலை மேசையில் விட்டுவிட்டுப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். விலை கேட்டுக்கொண்டிருந்த குரல் சட்டென்று தணிந்தது. "வந்துட்டியாடி? ஏன் இப்படி இளைச்சுக் கிடக்கே? இன்னும் என்மேல கோவமா?"

மொழிபெயர்ப்பாளர்கள் அதையும் எல்லா மொழிகளிலும் சொன்னார்கள். அத்தனை நாட்டுக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். மகள் வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள், நெடுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தாள். பார்வையாளர்கள் தலையாட்டக் கூடாது என்று எந்த விதியும் இல்லாததால் தலைவர் பேசாமல் காத்திருந்தார்.