பிடிமண்

மஞ்சள் துணி முடிச்சை மேசைமேல் வைத்து அவிழ்க்கச் சொன்னாள் மலேசிய விமான நிலைய அதிகாரி. பத்துமலை அவிழ்த்தான். உள்ளே ஒரு தேங்காய் அளவுக்கு மண். சின்ன வயசுக்காரி, முக்காடு போட்டவள், முகத்தில் கோபமெல்லாம் இல்லை. சாமிக்கு என்று மலாயில் சொன்னான். அவளும் புரிந்தமாதிரித்தான் தலையாட்டினாள். மண்ணில் புழு இருக்கும், விதை இருக்கும், வெளிநாட்டு மண் அனுமதி இல்லாமல் உள்ளே வரக்கூடாது அங்கிள் என்றாள். மூடிபோட்ட தொட்டிக்குள் மண்ணைத் தட்டிவிட்டு, அவன் கேட்டதற்காகத் துணியை மட்டும் உதறிக் கொடுத்தாள்.

ஈப்போ பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அண்ணன் ஜெயபாலன் போன் அடித்தார்.

"மண்ணு வந்துருச்சாடா?"

"வந்துருச்சுண்ணே."

ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவனுக்கே தெரியவில்லை. வாய் சொல்லிவிட்டது. மடியில் காலித் துணி கிடந்தது.

தாத்தா சன்னாசி கப்பல் ஏறும்போது முசிறிப் பக்கத்து ஊரில் சங்கிலிக் கருப்பர் கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து, கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒரு கல்லுக்கடியில் போட்டார். கல் கருப்பரானது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் இப்போது வீடுகள் வரப்போகின்றன. திங்கட்கிழமை இயந்திரம் கல்லைத் தள்ளிவிடும். ஜெலாப்பாங்கில் காளியம்மா அக்காவின் வீட்டுக்குப் பின்னால் இடம் இருந்தது. கல்லைத் தூக்கி, தோட்டத்திலிருந்தே ஒரு பிடி மண்ணும் எடுத்துக்கொண்டால் முறை தீர்ந்தது. அண்ணன்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

அதற்குக் காரணம் கையுறைத் தொழிற்சாலை. அண்ணன் முப்பது வருசம் அங்கே சூட்டில் வெந்தவர். ஓய்வுபெறப் போகிற நேரத்தில் ஷிப்ட் விஷயமாக ஒரு வாய்ச்சண்டை. நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன் ஒருவன், உன் நாட்டுக்கே போ என்றிருக்கிறான். அண்ணன் அவனை அடிக்கவில்லை. அடித்திருந்தால் ஆத்திரம் அன்றோடு போயிருக்கும். வீட்டுக்கு வந்து சோறு தின்னாமல் படுத்தவர், எழுந்ததும் சொன்னார்: "ஊருக்குப் போவச் சொல்றானுங்கல்ல, போவோம்லா. அசல் மண்ணு எடுத்தாந்து போடுவோம். எங்கேர்ந்து வந்தோம்னு நமக்காவது தெரியட்டும்." சர்க்கரைப் புண்ணோடு அவரால் நடக்க முடியாது. தொழிற்சாலை பஸ் ஓட்டுகிற தம்பி பத்துமலை லீவு போட்டுப் போனான்.

போன ஊரில் சன்னாசியை ஒருவருக்கும் தெரியவில்லை. பத்துமலையை மலேசியாக்காரர் என்று கூப்பிட்டார்கள். கோடாலித் தைலம் கொண்டுவந்திருக்கிறாரா என்று கேட்டார்கள். அவன் பேசும் தமிழைக் கேட்டு இரண்டு பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். கோயிலில் டைல்ஸ் பதித்திருந்தது. பூசாரி சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, பின்பக்கம் கக்கூஸ் தொட்டி ஓரத்தில் மண் தெரிந்த இடத்தில் சுரண்டிக் கொடுத்தார். அதையும் பத்துமலை கண்ணில் ஒற்றித்தான் வாங்கினான்.

ஈப்போ திரும்பிய மறுநாள் காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனான். தொழிலாளர்களின் லயத்து வீடுகள் ஏற்கெனவே தரைமட்டம். கருப்பர் கல்லும், அதற்குப் பின்னால் யாரும் வெட்டாமல் விட்ட ஒற்றை ரப்பர் மரமும் மட்டும் நின்றன. கல்லுக்கு அடியில் கைவிட்டு ஈர மண்ணை அள்ளி மஞ்சள் துணியில் கட்டினான். கல்லைத் தூக்க ஆட்கள் மத்தியானம் வருவார்கள். அதற்குள் கிளம்பிவிட்டான்.

பொய் சொன்னதுகூடப் பெரிதில்லை. அக்காமேல் கருப்பர் வரும். வந்ததும் அரிவாள் கொடுப்பதற்கு முன் வீட்டுக்கு மூத்தவர் கேட்பார், எந்த எல்லையிலிருந்து வந்தாய் என்று. முசிறி எல்லையிலேர்ந்து வாரேன் என்று சாமி சொல்லும். ஒவ்வொரு வருசமும் அதுதான் பதில். முசிறியை அக்கா பார்த்ததே இல்லை. இந்தத் தடவை சாமி வேறு சொல்லிவிட்டால் அண்ணன் அந்த இடத்திலேயே உடைந்துபோவார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வீட்டுப் பின்பக்கம் குழி தயாராக இருந்தது. கல்லைக் குளிப்பாட்டிச் சந்தனம் பூசியிருந்தார்கள். அண்ணன் புது வேட்டியில், புண்ணுக்குக் கட்டுப்போட்ட காலோடு நாற்காலியில் உட்கார்ந்து, வந்தவர்களிடமெல்லாம் ஊரிலிருந்து மண் வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து நாளாகியிருந்தது. பக்கத்து வீட்டுச் சீனி, "சாமிக்குப் பாஸ்போட்டு சாப் குத்துனானுங்களாண்ணே?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பத்துமலை உடுக்கையின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான்.

காளியம்மா முடிச்சைத் தாம்பாளத்தில் அவிழ்த்தாள். ரப்பர்ப் பால்மரம் வெட்டி வளர்ந்த கை. கட்டிகளை உதிர்த்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றாள். விரலிடுக்கில் ஒரு ரப்பர் கொட்டை. பழுப்பில் கறுப்புப் புள்ளி போட்டு, பளபளவென்று. சின்ன வயசில் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடாக்கித் தம்பி தொடையில் வைத்து அலறவிட்ட அதே கொட்டை.

பத்துமலையை நிமிர்ந்து பார்த்தாள். அவனால் பார்வையை விலக்க முடியவில்லை.

"என்னா, மண்ணு எப்படி?" என்றார் அண்ணன், நாற்காலியிலிருந்து.

"ஈரமா இருக்குண்ணே." அவள் கொட்டையோடு வலது கையை மூடிக்கொண்டாள். "குழியில போடுங்க."

அண்ணன் எழுந்து, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து, இரண்டு கையாலும் மண்ணை அள்ளிப் போட்டார். கண் கலங்கியிருந்தது. கல்லை நிறுத்தினார்கள். பத்துமலை உடுக்கை அடிக்க ஆரம்பித்தான். முதலில் மெதுவாக. இன்றைக்கு வராமலே போகட்டும் என்று நினைத்தான். விரல்கள் பழக்கத்தில் வேகம் பிடித்தன.

அக்காவின் தோள் குலுங்கியது. கொண்டை அவிழ்ந்தது. அண்ணன் அரிவாளை நீட்டிக் கேட்டார்.

"எந்த எல்லையிலேர்ந்து வந்திருக்கப்பா?"

மூச்சு மட்டும் புஸ்புஸ்ஸென்று வந்தது. அண்ணன் இன்னொருமுறை கேட்டார். பிறகு, அரிவாளைப் பிடிக்கட்டும் என்று அவளுடைய வலது கையை விரிக்கப் பார்த்தார். விரல்கள் அசையவில்லை. சீனியும் வந்து பிடித்துப் பார்த்தான். நரம்பு புடைத்து, முட்டி வெளுத்து, அந்தக் கை மூடியே இருந்தது.

காளியம்மா இடது கையை நீட்டி அரிவாளை வாங்கிக்கொண்டாள்.