வெள்ளையாக விட்ட கட்டம்

மேப்பிள் தெருவின் வரைபடத்தில் முப்பத்தொரு கட்டங்கள். முப்பதுக்குக் கறுப்பு மை பூசியிருந்தது. வெள்ளையாக விட்ட ஒன்று லவோனின் வீடு.

"கறுப்புன்னா தேசியப் பதிவேட்டுல கணக்குக்கு வரும். வெள்ளைன்னா வீடு தெருவுல இருக்கும், கணக்குல இருக்காது," என்றாள் கெண்ட்ரா. பழைய கட்டடங்களைப் பட்டியலிட அயோவா மாநில அலுவலகம் அனுப்பிய பெண்.

"இருந்தும் இல்லாத மாதிரி. அது எனக்குப் பழகினதுதான். இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கோ."

கெண்ட்ரா கடிகாரத்தைப் பார்த்து வேண்டாமென்றாள். அவள் வருகிறாள் என்றுதான் லவோன் காலையிலேயே எழுந்து ருபார்ப் கேக் சுட்டிருந்தாள். வயது எழுபத்தெட்டு. கணவன் ஆர்டன் இறந்து ஆறு வருடம். மகள் கிறிஸ்துமஸுக்கு மட்டும் போனில் கூப்பிடுவாள். பதிவேட்டில் ஏறிய தெருவைப் பார்க்கக் கோடையில் ஆட்கள் வருவார்கள், கையில் தாளோடு வீட்டுக்கு வீடு நிற்பார்கள். தன் வாசலிலும் யாராவது இரண்டு நிமிடம் நிற்க வேண்டும் என்பதுதான் லவோனின் ஆசை.

அதைக் கெடுத்தது அலுமினியத் தகடு. 1974-இல் மரச்சுவர் முழுக்க அதை அறைந்து மூடியவன் ஆர்டன். எதிர்வீட்டில் போட்டதைப் பார்த்துவிட்டு, நமக்கும் வேண்டும் என்று அவனை நச்சரித்தவள் லவோன். எதிர்வீட்டுக்காரர்கள் எப்போதோ கழற்றிப் போட்டுவிட்டார்கள்.

"தகட்டை எடுத்துட்டா?"

"அடியில மரவேலை அப்படியே இருந்தா கறுப்பு பூசிடலாம்மா. வெள்ளிக்கிழமை வரை பக்கத்து ஊர்லதான் இருப்பேன்."

அவள் கார் திரும்புவதற்குள் லவோன் கடப்பாரையை எடுத்துவிட்டாள். முன் ஜன்னலோரத் தகடு ஒன்றைப் பெயர்க்க ஒரு மணி நேரம் பிடித்தது. பெயர்ந்தபின் பார்த்தால் ஜன்னலைச் சுற்றியிருந்த பூவேலைச் சட்டம் இல்லை, ரம்பம் போன தடம்தான் இருந்தது. தகடு சுவரோடு படிய வேண்டுமே, நீட்டிக்கொண்டிருந்ததையெல்லாம் ஆர்டன் அறுத்திருக்கிறான். அவன் தகடு அறைந்த வாரம் அவள் அக்கா வீட்டில் இருந்தாள். பூவேலை தகட்டுக்கு அடியில் பத்திரமாக இருப்பதாகவே இத்தனை காலமும் நினைத்திருந்தாள். அடியில் ஏது இடம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

தகட்டைத் திரும்ப அறைய ஆணி வேண்டும். ஆர்டனின் வேலை மேசை நிலவறையில் இருந்தது. ஆறு வருடமாக அவள் அந்தப் பக்கம் போகவில்லை.

மேசைக்கு அடியில் ஒரு நீளப் பெட்டி. திறந்தால், பழைய செய்தித்தாளில் சுற்றிய மரத்துண்டுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால் அவன் கையெழுத்து. 'முன் ஜன்னல், இடது, மேல்.' 'சமையலறை, கிழக்கு.' ஒன்றுகூடக் குறையவில்லை. மூடியின் உட்புறத்தில் ஒரே ஒரு வரி: 'லவோன் மனசு மாறினால் மாட்ட.'

அவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். அவனுக்கு அந்தத் தகடு பிடிக்கவே இல்லை. அவன் சொல்லவில்லை, அவளுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை வந்த கெண்ட்ரா துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எல்லாம் அசல்மா. திரும்பப் பொருத்திட்டா உங்க வீடும் கறுப்புதான். செய்ய ஆள் இருக்காங்களா?"

"இருந்தார்," என்றாள் லவோன். "நாப்பது வருஷத்துக்கு மேல இந்த வீட்டுலயே இருந்தார். நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும்."