அடுப்புக் கணக்கு

பழங்குடி மன்றத்துக்குத் தலைவியாகிப் பதினெட்டாம் நாள், தான் போட்ட முதல் கையெழுத்தே தப்பாகப் போய்விட்டதென்று அவளுக்குத் தெரிந்தது. அது குடிநீர்க் குழாய்ப் பட்டியல். மொத்தம் நாற்பது குழாய், கதவு எண் ஒன்றுக்கு ஒன்று என்று எழுத்தர் எழுதி நீட்டியிருந்தார். ஜெயித்த பூரிப்பில் அவளும் மாலை வாங்கிய கையோடு போட்டுவிட்டாள். அவர்கள் சனத்தில் குடும்பத்தை அடுப்பை வைத்துத்தான் எண்ணுவார்கள். தேன் எடுத்தாலும் கிழங்கு தோண்டினாலும் அடுப்புக்கு ஒரு பங்கு. அரசாங்கமும் அப்படித்தான் எண்ணும் என்று நினைத்துவிட்டாள்.

சுரங்கத்துக்காகக் காட்டிலிருந்து இறக்கிவிடப்பட்டவர்கள் மேட்டில் ஒரு நீளக் கொட்டகையில் இருந்தார்கள். உள்ளே பதினோரு அடுப்பு, ஆனால் ஒரே கதவு எண். அவர்களுக்கு ஒரு குழாய். சாலையோரத்தில் அவள் அண்ணனுக்கோ வீடு, கடை, கிடங்கு, லாரி நிற்கிற கொட்டகை, மகனுக்கென்று கட்டிப் பூட்டி வைத்தது என ஐந்து கதவு, ஐந்து குழாய். லாரிக்கும் தாகமெடுக்கும் போலிருக்கிறது. வெளியாள் சுருட்டினால் ஊரே கூடித் திட்டும். நம்மாள் சுருட்டினால் 'நம்ம பிள்ளை முன்னுக்கு வந்துட்டான்' என்று மெச்சிக்கொள்ளும். அவளும் மெச்சியவள்தான். இப்போது நினைக்க வெட்கமாக இருந்தது.

"இதைக் கிழிச்சிடுங்க சார். அடுப்பை எண்ணிப் புதுசா எழுதலாம்."

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றினார். "நாலு மணி பஸ்ஸுல பட்டியல் போயாகணும்மா. போகலைன்னா நாற்பதும் வேற ஊருக்குப் போயிடும்."

"மணி பதினொண்ணுதானே ஆகுது?"

சேதி எப்படித்தான் போனதோ, கால்மணி நேரத்தில் அண்ணன் வந்து நின்றான். மன்ற உறுப்பினர் ஏழு பேரில் நாலு பேர் அவன் கிழித்த கோட்டைத் தாண்டாதவர்கள்.

"உன்னை இந்த நாற்காலியில உக்கார வச்சதே நான்தான். ஞாபகம் இருக்கா?"

"நல்லாவே இருக்குண்ணா. வச்சது வச்சுட்டீங்க, இனி வேலையைப் பார்க்க விடுங்க."

"நாலு கை தூக்கினா நீ வீட்டுக்குப் போயிடுவ."

அப்பா போனபின் அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவன் இவன். ஆனாலும் எழுந்து ஒரு சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டாள்.

"தூக்கட்டும்ண்ணா. அதுக்குள்ள நான் எண்ணி முடிச்சிடுவேன்."

உச்சிவேளை அதற்குத் தோதான நேரம். எல்லா அடுப்பும் எரியும், எந்த அடுப்பும் ஒளிய முடியாது. கொட்டகையில் புகைக்குள் குனிந்து குனிந்து பதினொன்றையும் தொட்டு எண்ணினாள். பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். எழுத்தர் மூச்சிரைக்க எழுதிக்கொண்டே வந்தார். கடைசியாகச் சாலையோரம்.

அண்ணன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். "அஞ்சுன்னு எழுதிக்கோ."

"சமைக்கிறவதானே அடுப்புக் கணக்கைச் சொல்லணும்? அண்ணி!"

பங்கு பிரிக்கிற நாளில் அதுதான் அவர்கள் வழக்கம். ஆண்பிள்ளை சொல்லும் கணக்கை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அண்ணி கரண்டியோடு வெளியே வந்து புருஷன் முகத்தைப் பார்த்தாள். பிறகு மேட்டுப் பெண்களைப் பார்த்தாள்.

"ஒண்ணுதான். வேணும்னா உள்ள வந்து பாரு."

தலைவி சுண்ணக்கட்டியால் கதவில் பெரிதாக '1' என்று எழுதினாள். அதைத் துடைக்க அண்ணன் கையை ஓங்கினான். அண்ணி கரண்டியைக் குறுக்கே நீட்டியபடி கதவுக்கு முன்னால் நின்றாள். அதன் நுனியிலிருந்து குழம்பு அவன் வெள்ளைச் செருப்பின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.