ஐந்து விரல் இங்கிலீஷ்

சுசீலாவுக்குக் கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகிக் கிடந்தன. பகலெல்லாம் ஆவடியில் நர்சரிப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்றுவிட்டு, ரயிலேறி அம்பத்தூர் வந்து, தொழிற்பேட்டை ஓரத்துத் தொழிற்சங்கக் கொட்டகையில் மறுபடியும் நின்றுகொண்டிருந்தாள். எதிரே பாயில் இருந்தவர்கள் கம்பெனி ஆட்கள். பத்தாம் வகுப்பு இங்கிலீஷில் கோட்டை விட்டவர்கள். ஷிப்ட் முடிந்து கிரீஸ் கையோடு வருவார்கள், பாதிப் பேர் உட்கார்ந்தபடியே தூங்குவார்கள்.

வேம்புலி தூங்க மாட்டான். அயனம்பாக்கத்துக்காரன், பிரஸ் மிஷினில் இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டுபவன். இந்தத் தடவை தேறிவிட்டால் ஸ்டோரில் கணக்கெழுதும் வேலைக்கு மாற்றுவதாக முதலாளி சொல்லியிருந்தார். பெண் வீட்டாரும் அதற்குத்தான் காத்திருந்தார்கள். "பிரஸ்காரன் கை எத்தினி நாளிக்கி முழுசா இருக்கும்னு கேக்குறாங்க டீச்சர்" என்று அவனே ஒரு நாள் சிரித்தபடி சொல்லியிருக்கிறான்.

எங்கே 'எ' போடுவது, எங்கே 'ஆன்' போடுவது என்பதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை. நர்சரிப் பிள்ளைகளுக்குச் சொல்லும் வழியையே சுசீலா இவர்களுக்கும் சொன்னாள்.

"இடது கையை நீட்டுங்க. கட்டை விரல் ஏ, ஆள்காட்டி ஈ, நடு விரல் ஐ, மோதிர விரல் ஓ, சுண்டு விரல் யூ. வார்த்தையோட முதல் எழுத்து விரல்ல இருந்தா 'ஆன்', இல்லன்னா 'எ'. கம்பெனியில எதைத் தொட்டாலும் விரலை மடக்கிச் சொல்லிப் பாருங்க. தானா வாயில வந்துரும்."

"எ போல்ட்டு. ஆன் ஆயில் கேன்" என்று வேம்புலி மடக்கினான்.

பக்கத்து மிஷின்காரன் கோதண்டம் அவன் விலாவில் இடித்தான். "சூப்பர்வைசர் வந்தா இன்னா சொல்லுவே மாமே?"

"ஆன் எருமை. ஈ விரல்ல கீது பாரு."

தூங்கியவர்கள்கூட எழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே சுசீலா பரீட்சையில் வரும் ஒரு வரியைப் பலகையில் எழுதினாள். ஆன் ஆனஸ்ட் மேன். நேர்மையான மனுஷன் என்று அர்த்தம் சொன்னாள்.

"நம்ம மொதலாளிய சொல்லல" என்றான் கோதண்டம்.

வேம்புலி சிரிக்கவில்லை. "டீச்சர், ஆனஸ்ட்டு எச்சுல இல்ல ஆரம்பிக்குது? எச்சு எந்த விரல்லயும் காணோமே?"

ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடக் கூடிய பதில்தான். ஆனால் கால் கடுத்தது, ரயிலுக்கும் நேரமாகிவிட்டது. "நாளைக்குச் சொல்றேன்ப்பா" என்று பலகையைத் துடைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் வேம்புலி வரவில்லை. கோதண்டமும் வரவில்லை. அந்த வாரம் முழுக்க இரண்டு இடமும் காலியாகவே கிடந்தன. ஆரம்பச் சூடு ஆறிவிட்டது போல என்று சுசீலா உள்ளுக்குள் எரிந்தாள்.

மூன்றாவது வாரம் இருவரும் வந்தார்கள்.

"பரீட்சையை வெச்சுக்கிட்டு எங்கப்பா போனீங்க?" என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வேம்புலியின் இடது கை மணிக்கட்டுக்கு மேல் வரை துணிச் சுற்றாக இருந்தது.

"பிரஸ்ஸு வாங்கிகிச்சு டீச்சர்" என்றான் கோதண்டம். "நான் ஆஸ்பத்திரில கூட இருந்தேன். அந்த மிஷின்ல ரெண்டு பட்டன் கீது. ரெண்டு கையாலயும் அமுக்குனாத்தான் எறங்கும். அப்டி அமுக்கிகினு இருந்தா அன்னிக்கி அடிக்க வேண்டிய பீஸ் கணக்கு தேறாது. ஒரு பட்டனை சைக்கிள் டியூபால இறுக்கிக் கட்டிருவோம். எல்லாரும் கட்றதுதான். வலது கை அமுக்கும், இடது கை தகடு வெச்சிட்டு வெளிய வந்துரணும். இவன் கைய எடுக்கல."

"ஏன் எடுக்கல?"

வேம்புலி தலையைக் குனிந்துகொண்டான். வீட்டுப் பாடம் செய்யாமல் வந்த பிள்ளையின் முகம் அது.

"மடக்கிகினு இருந்தேன் டீச்சர். ஆனஸ்ட்டு. எச்சு எந்த விரல்னு தேடிகினு கீறேன், வலது கை அது பாட்டுக்கு அமுக்கிருச்சு."

சுசீலா துணிச் சுற்றின் பக்கம் குனிந்தாள். "எந்த விரல்?"

"ஓவும் யூவும்."

சுசீலா பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். வெளியே ஏதோ ஒரு கம்பெனியில் பிரஸ் இறங்கி இறங்கி ஏறிக்கொண்டிருந்தது.

"பொண்ணு ஊட்ல வேற எடம் பாத்துட்டாங்க" என்றான் வேம்புலி. "டியூபு கட்னது என் தப்பாம், மொதலாளி சொல்லிட்டாரு. ஆனா ஸ்டோரு இன்னும் காலியாத்தான் கீதாம். பாஸ் பண்ணிட்டு வான்னாரு. அதான் வந்தேன்." கட்டுப் போட்ட கையை மடியில் ஏந்தி வைத்துக்கொண்டான். "மூணு விரல்ல அஞ்சு எழுத்த எப்டி டீச்சர் எண்றது? அப்பறம் அந்த எச்சு... நாளைக்குச் சொல்றேன்னீங்களே."

'ஆனஸ்ட்' என்று சொல்லும்போது அந்த எச் வாயில் வராது. எழுத்தை எண்ண வேண்டியதே இல்லை, முதலில் எழுவது உயிரெழுத்துச் சத்தமா என்று கேட்டால் போதும். விரலே வேண்டாத பாடம் அது. விரலைப் பறிகொடுத்தவனிடம் இதை எந்த வாயால் சொல்வது?

வேம்புலி சம்மணம் போட்டு, நோட்டைத் திறந்து, பேனாவோடு காத்திருந்தான். ரயில் நேரம் வரை காத்திருந்தான். சுசீலா எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனாள்.

வேம்புலிக்கு அந்தப் பதில் இன்னும் பாக்கி.