இஸ்திரி போட்ட காளான்

"காளானுக்குப் போய் யாராவது இஸ்திரி போடுவாங்களாக்கா?" என்று தபால்காரத் தம்பி போட்ட சத்தம் மாடியிலிருந்து என் அடுப்படி வரைக்கும் வந்தது. நான் ஒட்டுக்கேட்கவில்லை. ஜன்னல் திறந்திருந்தது, அவ்வளவுதான்.

"ஈரம் போகணும்னு நீதானே சொன்ன? எனக்குத் தெரிஞ்ச வழி இதுதான்" என்றாள் அவன் அக்கா, மாடிவீட்டுத் தையல்காரி.

விஷயம் இதுதான். இனி தைத்தால் பார்வை தங்காது என்று அவளிடம் கண் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். தெருமுனை ஓட்டல் சமையல்காரரோ, சனிக்கிழமைக்குள் ஒரு ஜாடி காட்டுக்காளானைப் பதமாகக் காயவைத்துக் கொடுத்தால், அந்த வேலையை நிரந்தரமாகவே தருவதாகச் சொல்லியிருந்தார். சின்ன வயதிலிருந்து பழகிய ஒரே ரகத்தை மட்டும் பார்த்துப் பார்த்துப் பறித்து வந்தான் தம்பி. அக்காவோ பாதிக் கூடையை இரண்டு துணிக்கு நடுவில் பரப்பித் தேய்த்துவிட்டாள். பாதி வெந்தது, மீதி துணியோடு ஒட்டிக்கொண்டது.

கூடையில் இருந்த மிச்சத்தைத் தண்ணீர் படாமல் தூரிகையால் துடைத்து, மெல்லிசாக நறுக்கி, கோணி ஊசியால் நூலில் இடைவெளி விட்டுக் கோத்தார்கள். வெளியே விடாத மழை. மறுநாள் பொத்தான் அறுந்த சட்டையோடு நான் மேலே போனபோது எல்லாம் தொளதொளவென்று தொங்கியது.

கீழே சலவைக்கடைப் பின்னறை எப்போதும் கதகதப்பாக இருக்கும். ஆனால் யாரோ தைக்கக் கொடுத்த கோட்டு ஒன்றை இஸ்திரியில் கருக்கியது யார் என்ற தகராறில் இரண்டு வருஷமாக அவளுக்கும் கடைக்காரருக்கும் பேச்சில்லை. அவரிடம் போய்க் கேட்பதற்குப் பட்டினியே கிடக்கலாம் என்றாள். சரி, நானே போய்ச் சொன்னேன். யாராவது ஒருத்தர் சொல்லித்தானே ஆக வேண்டும்?

அவர் மறுபேச்சில்லாமல் சோப்பு மூட்டைகளை வெளியேற்றி, கொடியைத் துடைத்தார். "ரெண்டு நாள் சட்டை காயலேன்னா ஊர் ஒண்ணும் முழுகிடாது. கொண்டாரச் சொல்லுங்க."

காளானைச் சாக்காக வைத்து மணிக்கொரு தரம் இறங்கினாள் இவள். மூன்றாம் நாள் கடைக்காரர் ஒரு துண்டை ஒடித்துப் பார்த்தார். டக்கென்று முறிந்தது.

"கோட்டக் கருக்கினது நான்தாங்க" என்றார்.

"தெரியும். சூடு ஆறட்டும், அப்புறம் ஜாடில போடலாம்" என்றாள் அவள்.

சனிக்கிழமை சமையல்காரர் ஊறவைத்து, வதக்கி, ருசித்துவிட்டு, அடுத்த ஜாடி எப்போது என்று கேட்டார். வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன்.

அடுத்த மழைக்காலத்துக்குள் தையல்காரி சலவைக்காரரைக் கட்டிக்கொண்டு, கடையை ஒட்டிய கீழ்வீட்டுக்கு வந்துவிட்டாள். தம்பி காட்டோரத் தபால் நிலையத்துக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டான். வாரம் ஒரு கூடை காளான் பஸ்ஸில் வருகிறது.