கை மாறி வந்த பிரசாதம்

அம்சவேணியைப் பயந்தாங்கொள்ளி என்று அலுவலகத்தில் யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் எல்லோரும் சொன்னார்கள். டெல்லி லோதி ரோடு குவார்ட்டர்ஸில் வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு மாடி இறங்கி, பூட்டினோமா இல்லையா என்று மறுபடி ஏறிப் போய்ப் பார்க்கிறவள். மெட்ரோ கதவு மூடும்போது தன் துப்பட்டாவோடு பக்கத்தில் நிற்பவளின் துப்பட்டாவையும் சேர்த்து இழுத்துப் பிடிக்கிறவள். அப்படிப்பட்டவள் அந்தப் பிப்ரவரிச் சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் எதற்கும் பயப்படுவதில்லை என்று முடிவு செய்தாள். அதற்கு அவளுக்கு வேறு நாளே கிடைக்கவில்லை.

காரணம் ஜலஜா. முனிர்காவில் ஜன்னல் இல்லாத ஓர் அறையில், வேலைத் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டு ஒரே கட்டிலில் இருவரும் படுத்துக் கிடந்த காலத்துச் சிநேகிதி. இப்போது ஜெய்ப்பூரில் கணக்கு டீச்சர், தனியாக இருக்கிறாள். சின்ன வயதிலேயே வந்த சர்க்கரை நோய் அவளுக்கு. ஒவ்வொரு வேளையும் சாப்பிடுவதற்கு முன்னால் வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டாக வேண்டும். போட்ட ஊசிக்குத் தகுந்த சாப்பாடு உள்ளே போகவில்லை என்றால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். முதலில் வேர்க்கும். அப்புறம் காரணமில்லாமல் கோபம் வரும். அப்புறம் நினைவு தப்பும். அதற்கும் அப்புறம் என்ன என்பதை முனிர்காவில் ஒரு முறை அம்சவேணி கண்ணால் பார்த்தாள். கை கால் வெட்டி இழுத்துக்கொண்டு தரையில் கிடந்த ஜலஜா இன்றைக்கும் அவள் கனவில் வருவாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையோடு வந்து இறங்கியதுமே ஜலஜா சட்டம் போட்டுவிட்டாள்.

"இதோ பாருடி அம்சா, இந்த ரெண்டு நாளும் நீ எனக்கு நர்ஸ் வேலை பாக்கக் கூடாது. சாப்ட்டியா, ஊசி போட்டியான்னு ஒரு வார்த்தை கேட்டே, அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு ஜெய்ப்பூர் போயிட்டே இருப்பேன்."

"சரிடி, கேக்கல. போதுமா?"

அவர்கள் போகவிருந்தது 'நெத்திலி' இசைக்குழுவின் கச்சேரிக்கு. முனிர்கா அறையில் இரவல் லேப்டாப்பில் அந்தப் பசங்களின் பாட்டைப் போட்டு, மேல்மாடி வீட்டுக்காரர் விளக்குமாற்றால் தரையைத் தட்டும் வரைக்கும் இருவரும் குதித்திருக்கிறார்கள். அந்தக் குழு முதல் தடவையாக டெல்லிக்கு வருகிறது. 'அலை இறங்கும் நேரம்' என்று ஒரு பாட்டு. அதை நேரில் கேட்காமல் சாகக் கூடாது என்று ஜலஜா அந்தக் காலத்தில் அடிக்கடி சொல்வாள். இப்போது நினைத்தால் அம்சவேணிக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை.

மைதானத்துக்கு வெளியே ஒரு தள்ளுவண்டியில் சோலே பட்டூரே வாங்கினார்கள், கொண்டைக்கடலை மசாலாவோடு ஆளுக்கு இரண்டு உப்பிய பூரி. ஜலஜா திரும்பி நின்று, ஸ்வெட்டரைத் தூக்கி, ஊசியைப் போட்டுக்கொண்டாள். பட்டூராவில் பாதியைப் பிய்த்துத் தின்றிருப்பாள். உள்ளேயிருந்து டிரம்ஸைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"ஆரம்பிச்சுட்டானுங்க! ஜல்தி வாடி!"

கத்தியது ஜலஜா இல்லை, அம்சவேணிதான். கையைப் பிடித்து இழுத்ததும் அவள்தான். ஜலஜாவின் தட்டில் ஒன்றரை பட்டூரா அப்படியே கிடப்பதைப் பார்த்தாள். பார்த்தும் கேட்கவில்லை. கேட்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தாள் அல்லவா?

வாசலில் லேடீஸ் லைன் நீண்டு நின்றது. தின்பண்டம் எதையும் உள்ளே விடவில்லை. செக்யூரிட்டிப் பெண் பிஸ்கட், சிப்ஸ், வீட்டு முறுக்கு என்று எல்லாவற்றையும் குப்பை டிரம்மில் போட்டுக்கொண்டிருந்தாள். இவர்களுக்கு முன்னால் ஊதாச் சால்வை போர்த்திய ஓர் அம்மாள், மகளோடு. அந்த அம்மாளின் கைப்பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா வெளியே வந்தது.

"பிரசாத் ஹை. மலை மந்திர் கா," என்றாள் அந்த அம்மாள். "முருகன் கோவில் கிருத்திகை. பஞ்சாமிர்தம்."

செக்யூரிட்டிப் பெண் டப்பாவையும் டிரம்மையும் மாறி மாறிப் பார்த்தாள். பிரசாதத்தைக் குப்பையில் போட அவளுக்கு மனம் வரவில்லை. டப்பாவை நெற்றியில் ஒற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஆளுக்கொரு நியாயம் என்று அம்சவேணி முணுமுணுத்தாள்.

அடுத்தது ஜலஜா. செக்யூரிட்டிப் பெண் ஊசியையும் மருந்தையும் விட்டாள். குளுக்கோஸ் பாக்கெட்டையும் கைநிறைய மிட்டாயையும் எடுத்துத் தலையை ஆட்டினாள். ஜலஜா விளக்கம் சொல்ல வாயைத் திறந்தாள். பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள். உள்ளே கிடார் முழங்கியது. ஜலஜா திரும்பி அம்சவேணியின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

"விட்றி," என்றாள் அம்சவேணி. "உள்ள கடை இருக்கும். வாங்கிக்கலாம்."

சொன்னதோடு நிற்கவில்லை. பாக்கெட்டை வாங்கித் தன் கையாலேயே டிரம்மில் போட்டாள் மகராசி.

கச்சேரி பிரமாதமாகத்தான் இருந்தது. டெல்லியில் இத்தனை தமிழர்கள் எங்கே ஒளிந்திருந்தார்கள் என்று கேட்கும்படியான கூட்டம். இருவரும் முட்டி மோதி நடுவில் போய் நின்று, வயதை மறந்து குதித்தார்கள். இருட்டியதும் குளிர் இறங்கியது. அம்சவேணி மப்ளரை இழுத்துக் காதை மூடிக்கொண்டு தற்செயலாகத் திரும்பினாள்.

ஜலஜாவின் நெற்றியில் முத்து முத்தாக வேர்த்திருந்தது.

சுற்றிலும் எல்லோரும் ஸ்வெட்டரும் கோட்டுமாக விறைத்துக்கொண்டிருக்க, இவளுக்கு மட்டும் காதோரம் வேர்வை வழிந்தது.

"ஜலஜா, சுகர் பாத்தியா?"

"கேக்க மாட்டேன்னு சொன்னல்ல?"

"டீ, வேர்க்குது உனக்கு. வா, போலாம்."

"விடுடி கையை!" ஜலஜா உதறிய வேகத்தில் கை வந்து அம்சவேணியின் கன்னத்தில் பளாரென்று விழுந்தது. முனிர்காவிலும் இப்படித்தான் ஆரம்பித்தது. அது ஜலஜாவின் கை இல்லை, இறங்குகிற சர்க்கரையின் கை என்று அம்சவேணிக்குத் தெரியும். பக்கத்தில் இருந்த பையன் சிரித்தான். "ஆன்ட்டி பீ கே ஆயீ ஹை." குடித்துவிட்டு வந்திருக்கிறாளாம்.

பயம் என்றால் என்ன என்று தனக்குத் தெரியும் என்றுதான் அம்சவேணி இத்தனை நாள் நினைத்திருந்தாள். பூட்டும் துப்பட்டாவும் பயமே இல்லை என்று இப்போது தெரிந்தது. ஜலஜாவை இடுப்போடு கட்டிப் பிடித்து, ஆட்களை இடித்துத் தள்ளி, பக்கவாட்டில் இருந்த குளிர்பானக் கடைக்கு இழுத்துப் போனாள்.

"பையா, ஏதாவது மீட்டா! ஸ்வீட்டா எது இருந்தாலும் குடுங்க, ஜல்தி!"

கடைக்காரன் கறுப்பு டின் ஒன்றை நீட்டினான். அதில் பெரிய எழுத்தில், பெருமையாக, சர்க்கரையே இல்லை என்று போட்டிருந்தது. வேறு? தண்ணீர். வேறு? கச்சேரிக்குப் பணம் கொடுத்த கம்பெனிச் சரக்கு மட்டும்தான் விற்க வேண்டுமாம். வேறு ஒன்றும் இல்லை. போனை எடுத்தாள். அத்தனை பேர் கூட்டத்தில் சிக்னல் செத்துக் கிடந்தது. கம்பித் தடுப்பருகே காவலுக்கு நின்ற கறுப்புச் சட்டைக்காரன் காதில் கத்தினாள். ஆம்புலன்ஸ் மேடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்று கை காட்டிவிட்டு, அவன் வாக்கி டாக்கியில் கத்தினான். எதிர்முனையில் யாருக்கும் காது கேட்கவில்லை. ஆளைக் கூட்டி வருகிறேன் என்று கூட்டத்துக்குள் ஓடினான்.

ஜலஜாவின் கால்கள் மடங்கின. கம்பியில் சாய்த்து உட்கார வைத்தாள் அம்சவேணி. கண் திறந்திருந்தது, ஆனால் அந்தக் கண்ணில் ஜலஜா இல்லை. விரல்கள் தாமாகத் துடித்தன. அடுத்தது வெட்டி இழுக்கும். முனிர்காவில் பக்கத்து அறையில் டாக்டருக்குப் படிக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். இங்கே யார் இருக்கிறார்கள்?

"முருகா, முருகா," என்று வாய்விட்டு அழுதாள். "இவளை மட்டும் குடுத்துடு. இனி ஜென்மத்துக்கும் இவள எங்கயும் கூட்டிக்கிட்டுப் போவ மாட்டேன். சத்தியம்."

முருகன் என்றதும்தான் மலை மந்திர் ஞாபகம் வந்தது. அந்த டப்பா.

ஊதாச் சால்வையை இந்த இருட்டில், இந்தத் தலைகளுக்கு நடுவில் எங்கே தேடுவது? அப்போது மேடையில் சத்தம் அடங்கியது. பாடகன் மைக்கைப் பிடித்து, "டெல்லி! எல்லாரும் போன் லைட்டைப் போடுங்க. அலை இறங்கப் போகுது," என்றான். மைதானம் முழுக்க வெளிச்சம். மெல்ல ஒற்றைக் கிடார். எந்தப் பாட்டுக்காக வந்தார்களோ அந்தப் பாட்டு. அம்சவேணி கடைக்காரனின் ஸ்டூலில் ஏறிக் கூட்டத்தைத் துழாவினாள். சற்றுத் தள்ளி, ஒரு தூணருகே, ஊதா.

"அம்மா! ஊதாச் சால்வை அம்மா! பிரசாதம்! பிரசாதத்தைக் குடுங்க!"

அந்த மெல்லிய பாட்டின் மேல் அவள் குரல் நாராசமாக விழுந்தது. நாலு பேர் உஷ் என்றார்கள். ஆனால் அந்த அம்மாளின் மகள் திரும்பிவிட்டாள். அம்சவேணியைப் பார்த்தாள், கீழே கிடந்தவளைப் பார்த்தாள். அம்மாவின் பைக்குள் கையை விட்டு டப்பாவை எடுத்தாள். நடந்து வர வழியில்லை, முன்னால் நின்றவரிடம் கொடுத்து, "பாஸ் பண்ணுங்க! அந்த ஆன்ட்டிக்கு!" என்றாள்.

டப்பா கை மாறிக் கிளம்பியது. முதல் ஆள் வாங்கினார். மூடியைத் திறந்தார். பஞ்சாமிர்தத்தைக் கண்டார். கண்ணில் ஒற்றிக்கொண்டு, பயபக்தியோடு ஒரு விரல் எடுத்து வாயில் வைத்தார். பிறகுதான் அடுத்தவருக்குக் கொடுத்தார். அடுத்தவர் பெண்டாட்டிக்கும் சேர்த்து எடுத்தார்.

கிருத்திகைப் பிரசாதம் விநியோகம் ஆகிறது என்று நினைத்துவிட்டார்கள்! நம் ஜனங்கள் கைக்கு வந்த பிரசாதத்தை எடுக்காமல் அனுப்புவார்களா? ஆளுக்கு ஒரு விரல், குழந்தைக்கு ஒரு விரல். ஸ்டூல் மேல் நின்ற அம்சவேணி தன் சிநேகிதியின் உயிர் விரல் விரலாகக் குறைவதைக் கண்ணெதிரே பார்த்தாள்.

"எடுக்காதீங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். "சாமி சத்தியமா எடுக்காதீங்க! இங்க உயிர் போவுதுய்யா!"

பாட்டு நின்றுவிட்டது போல ஒரு கணம். டப்பாவை வைத்திருந்தவர் வாய்க்குப் போன விரலை அப்படியே நிறுத்தினார். அதன் பிறகு டப்பா தலைகளுக்கு மேலே பறந்து வந்தது.

உள்ளே என்ன இருந்தது? ஓரத்தில் ஒட்டியதும் அடியில் கொஞ்சம் கூழும். அம்சவேணி அதை விரலால் வழித்தாள். வாழைப்பழத் துண்டும் பேரீச்சையும் தொண்டையில் அடைத்துவிடுமே என்று விலக்கி, வெல்லப்பாகாக இருந்ததை மட்டும் ஜலஜாவின் கன்னத்து உட்புறத்தில் தடவினாள். ஈறில் தடவினாள். "முழுங்குடி. முழுங்குடி தங்கம்." மறுபடி வழித்தாள். டப்பாவின் விளிம்பைக்கூட விடவில்லை. ஜலஜா ஆசைப்பட்ட பாட்டு தலைக்கு மேலே முழுதாகப் பாடி முடிந்தது. ஒரு வரிகூட அம்சவேணியின் காதில் ஏறவில்லை. ஜலஜாவின் தொண்டை அசைகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அசைந்தது.

கறுப்புச் சட்டைக்காரன் ஆம்புலன்ஸ் ஆட்களோடு வந்து சேர்ந்தபோது ஜலஜா தானாகக் குளுக்கோஸ் தண்ணீரை வாங்கிக் குடிக்கும் அளவுக்குத் தேறியிருந்தாள். அவர்கள் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, இப்போது பயமில்லை, கொஞ்ச நேரம் இங்கேயே இருக்கட்டும் என்றார்கள். பயமில்லை என்று சொல்வது அவர்களுக்குச் சுலபம். ஊதாச் சால்வை அம்மாள் வந்து ஜலஜாவின் தலையைத் தடவினாள். அம்சவேணி டப்பாவை நீட்டினாள்.

"நீயே வச்சுக்கோம்மா," என்றாள் அந்த அம்மாள். எவர்சில்வர் டப்பாவை விட்டுக்கொடுக்கும் தாய்க்குலம் உலகத்தில் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

அவர்கள் போனபின் ஜலஜா மெதுவாகக் கேட்டாள். "உன்னை அடிச்சேனா?"

"ஒண்ணு. பலமா."

ஜலஜா சிரிக்கவில்லை. "வாசல்ல நான் சண்டை போட்டிருக்கணும். டாக்டர் சீட்டுகூட பையில இருந்துச்சு."

"அப்புறம் ஏன்டி போடல?"

"உன் மூஞ்சியப் பாத்தேன். அவ்ளோ சந்தோஷமா இருந்தே. நான் சீட்டு, ஊசின்னு ஆரம்பிச்சா அந்த சந்தோஷம் போயிடும்." ஜலஜா டம்ளரைப் பார்த்தபடி பேசினாள். "ஸ்கூல்ல டூருக்கு இப்பல்லாம் என்னைக் கேக்கறதே இல்ல. உங்களுக்கு ஒத்துக்காது மேடம்பாங்க. அண்ணா மனாலி போனான், போட்டோ வந்தப்புறம்தான் எனக்குத் தெரியும். யாரும் கெட்டவங்க இல்ல. எல்லாருக்கும் பயம். நீ ஒருத்திதான் மிச்சம்." டம்ளரைக் கீழே வைத்தாள். "இனிமே நீயும் கூட்டிட்டுப் போக மாட்டே, இல்ல?"

அம்சவேணி சற்று முன்னால் இதே இடத்தில் முருகனிடம் சத்தியம் செய்திருக்கிறாள். அவனும் கேட்டதைக் கொடுத்துவிட்டான், தன் பிரசாதத்தையே அனுப்பி. முருகனிடம் சொன்ன சொல்லை மீறுவதா? பூட்டிய பூட்டையே இரண்டு தடவை பார்க்கிறவளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஜலஜா பதிலுக்காக அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வாசலில் பார்த்த அதே பார்வை.

காலி டப்பாவைத் துப்பட்டாவால் துடைத்து, மூடி போட்டு, அம்சவேணி தன் பைக்குள் வைத்தாள்.

"அடுத்த தடவை உன் குளுக்கோஸை இதுலதான் போட்டு எடுத்துக்கிட்டுப் போவணும். மூடி மேல குங்குமம் வச்சுட்டா எவளும் கை வைக்க மாட்டா."

"அடுத்த தடவையா?"

"பயமாத்தான்டி இருக்குது. உயிரே போவுது எனக்கு. முருகன்கிட்ட நான் பேசிக்கறேன், அவனுக்கு மொட்டை போட்டாலும் போடறேன். ஆனா நீ போட்ட சட்டம் செல்லாது. நான் கேப்பேன். நூறு தடவை கேப்பேன்."

ஜலஜா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கேளு," என்றாள்.

மேடையில் அடுத்த பாட்டுக்கு டிரம்ஸ் அதிர்ந்தது. அம்சவேணி அவள் காதருகே குனிந்து, உடனே கேட்டாள்.

"சாப்ட்டியா?"